திராட்சை பறித்தவர்களின் பந்தி

காரைக்காலில் அரசலாறு கடலில் போய் விழுவதற்குக் கொஞ்சம் முன்னால் ஒதுங்கிக் கிடக்கும் சுண்ணாம்புக்காரத் தெருவில், மங்கையர்க்கரசியின் வீட்டுக்கு முதல் விருந்தாளி வந்தது நெத்திலியும் புளிப்பு மாங்காயும் ஒருசேரக் கிடைக்கிற சித்திரை மாதத்தில், பகல் சாப்பாட்டு வேளையில். அன்றைக்குப் பக்கத்து வீட்டு சூசை மரியான், பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்து ஓய்வு பெற்று பென்ஷன் வாங்குகிறவர், தெருவே சொல்தா என்று கூப்பிடுகிற மனிதர், பாரீசில் இருக்கும் மகனைப் பார்த்துவிட்டு முந்தின நாள்தான் திரும்பியிருந்தவர், ஒரு வெள்ளை ஒயின் பாட்டிலைக் கழுத்தைப் பிடித்துத் தூக்கிக்கொண்டு வந்தார்.

"போர்ச்சுகல் சரக்கு மங்கை. அங்க மளிகைக் கடையில எண்ணெய் பாட்டிலுக்குப் பக்கத்துல அடுக்கி வச்சிருப்பான், அவ்வளவு சல்லிசு. உன் மாங்காய்க் குழம்புக்கு இது ஒத்துப்போகும்னு பிளேன்லயே நெனச்சேன்" என்றார்.

மங்கை அதுவரை குடித்ததில்லை. வயசில் மூத்த மனிதர் ஆசையாகக் கொண்டுவந்ததைத் தட்டக் கூடாது என்று எவர்சில்வர் டம்ளரில் கொஞ்சம் வாங்கி, குழம்புச் சோறு ஒரு வாய், அது ஒரு மிடறு என்று வைத்தாள். மாங்கொட்டையைச் சப்பும்போது கடைசியில் வருமே ஒரு புளிப்பு, அதில் கடல்காற்று பட்டாற்போல இருந்தது. இன்னொரு மிடறு வைப்பதற்குள் வாசல் கேட் திறந்தது. முழங்கால் வரை ரப்பர் பூட்ஸும் தலையில் கட்டிய துணியும், இடுப்பில் கொடி வெட்டும் கத்தரிக்கோலுமாக ஒரு வெள்ளைக்காரப் பெண்மணி உள்ளே வந்தாள். பூட்ஸை வாசலில் கழற்றிவிட்டு, பிசுபிசுத்த கைகளைக் குழாயில் கழுவிக்கொண்டு, பசித்தவர்கள் உட்காருகிற மாதிரி உட்கார்ந்தாள். மங்கை இலை போட்டாள். அந்தப் பெண்மணி நெத்திலியைத் தலையோடு தின்றாள், மாங்காய்த் துண்டைச் சப்பினாள், பாட்டில் காலியானதும் எழுந்து மங்கையின் கன்னத்தைத் தொட்டுவிட்டு வெளியே போனாள். தெருமுனை அடிபம்பைத் தாண்டியதும் அவளைக் காணவில்லை.

"யாரு வந்துட்டுப் போறது?" என்று எதிர்வீட்டு ஜுலைகா பீவி கேட்டாள்.

"இந்த ஒயினுக்குத் திராட்சை பறிச்சவங்களாம்" என்றார் சொல்தா. அவருக்கு அந்தப் பாஷை அரைகுறையாகப் புரியும்.

"வந்தவங்களுக்கு ஒரு அப்பளம்கூடப் பொரிக்கல" என்று மங்கை வருத்தப்பட்டாள். ஜுலைகா பீவியும் அதை ஒரு குறையாகத்தான் எடுத்துக்கொண்டாள். மறுபடி வந்தால் தன் வீட்டிலிருந்து வட்டிலப்பம் கொடுத்தனுப்புவதாகச் சொன்னாள்.

அப்புறம் வந்துகொண்டேதான் இருந்தார்கள். மாங்கனித் திருவிழாவுக்குள் தெருவில் பாதி வீடுகளில் பகல் பந்தியில் ஒரு வெளியூர் முகம் உட்கார்ந்திருந்தது. ஒயின்ஷாப்பில் யாரும் சீண்டாமல் அடித்தட்டில் தூசி படிந்து கிடந்த மலிவு விலை பாட்டில்களை, ஸ்பெயின் என்றும் இத்தாலி என்றும் லேபிள் ஒட்டியவற்றை, தெருக்காரர்கள் பை கொண்டுபோய் வாங்கி வந்தார்கள். எது எதற்கு ஒத்துப்போகும் என்பதை நாக்கு பழகப் பழக அவர்களே கண்டுகொண்டார்கள்: ஆடி மாதத்துச் சுரைக்காய் இறாலுக்கு ரோஜா நிறத்து ஒயின், கருணைக்கிழங்குக் காரக்குழம்புக்கு இத்தாலிச் சிவப்பு, ஆட்டுக்கால் பாயாவுக்கு நாக்கைக் கவ்விப் பிடிக்கிற ஸ்பெயின் சிவப்பு. ருமேனியாவில் பிள்ளைகளை விட்டுவிட்டு வந்த தாய்மார்கள் வந்தார்கள், செனகல் நாட்டுக் கறுத்த நெடிய ஆண்கள் வந்து ரசத்தைக் கையில் வாங்கிக் குடித்தார்கள், பஞ்சாபி ஒருவன் வந்து கோதுமை ரொட்டி இல்லையே என்று வருத்தப்பட்டான். துபாய்க்குக்கூடப் போயிராத ஜனங்கள், சாப்பிட்டுக்கொண்டே, அவர்கள் கையசைவிலிருந்தும் காலில் ஒட்டியிருந்த மண்ணிலிருந்தும் ஒரு மலைச்சரிவையும் ஒரு வெயிலையும் ஒரு மேஸ்திரியின் விசில் சத்தத்தையும் தெரிந்துகொண்டார்கள். விலையுயர்ந்த பாட்டில் ஒன்றைக் கவுன்சிலர் வீட்டில் உடைத்தபோது யாருமே வரவில்லை. கடைப் பரோட்டாவுக்கும் வரவில்லை. குளிர்ப்பெட்டியில் கிடந்த பருவம் தப்பிய மாங்காயைப் போட்டுக் குழம்பு வைத்த வீட்டுக்கு ஒருவன் கேட் வரை வந்து, மோந்து பார்த்துவிட்டுத் திரும்பிப் போனான். பாஸ்போர்ட் விசாரிக்க வந்த ஏட்டையா மோர்க்குழம்பு ஊற்றிச் சாப்பிட்டுவிட்டு, பாட்டில் தீர்ந்தால் போகிறவர்கள்மேல் என்ன கேஸ் எழுதுவது என்று தொப்பியை மாட்டிக்கொண்டு போனார். பாட்டில் தீரும் வரைதான் இருப்பு என்பது அதற்குள் எல்லோருக்கும் தெரிந்திருந்தது.

இன்னொன்றும் தெரிந்தது. முதல் நாள் வந்த அந்தப் போர்ச்சுகல் பெண்மணி ஆவணியில் இன்னொரு பாட்டிலுக்கு மறுபடி வந்தாள், ஆனால் இளமையாக, வயிற்றில் பிள்ளையோடு. மங்கையை அவளுக்கு அடையாளம் தெரியவில்லை. சொல்தா லேபிளைத் திருப்பி அதில் போட்டிருந்த வருஷத்தைப் படித்தார். "பழைய அறுவடை. பறிச்ச அன்னைக்கு எப்படி இருந்தாளோ அப்படி வர்றா" என்றார்.

மங்கை அன்று சாயங்காலம் விளக்கேற்ற மறந்துபோனாள். அவள் கணவன் கலியமூர்த்தி, மகள் வெண்ணிலா மூணாங்கிளாஸ் படிக்கையில் டூரிஸ்ட் விசாவில் ஐரோப்பாவுக்குப் போய், காகிதம் இல்லாமல் அங்கேயே தங்கி, ஒவ்வொரு பருவத்துக்கும் ஒவ்வொரு நாட்டில் காய்கனி பறித்துப் பிழைத்தவன். ஞாயிற்றுக்கிழமைதோறும் போன் பண்ணிக்கொண்டிருந்தான். ஆறு வருஷத்துக்கு முன்னால் அவன் குரல் நின்றுபோயிற்று. இருக்கிறானா இல்லையா என்று சொல்ல ஒரு நாதியில்லை. சுவரில் இருந்த அவன் படத்துக்கு மங்கை மாலை போடவில்லை, நெற்றிக் குங்குமத்தை எடுக்கவுமில்லை. இப்போது வெண்ணிலாவுக்குத் தை மாதத்தில் கல்யாணம் நிச்சயமாகியிருந்தது. சம்பந்தி வீட்டார் நல்லவர்கள்தான், ஆனாலும் ஒன்று கேட்டார்கள்.

"பத்திரிகையில பொண்ணோட அப்பா பேருக்கு முன்னால திருன்னு போடறதா, காலஞ்சென்றன்னு போடறதா? நாலு பேர் பார்க்கறது. நீங்களே ஒரு முடிவு சொல்லிடுங்கம்மா."

சொல்கிறேன் என்று சொல்லி மங்கை ஐப்பசி வரைக்கும் இழுத்தாள்.

ஐப்பசியில் மழை விடாமல் பெய்த ஒரு பகலில், அவள் சேப்பங்கிழங்குப் புளிக்குழம்பும் வறுத்த சங்கராவும் செய்து, இத்தாலியின் தெற்குக் கோடியிலிருந்து வந்த ஒரு சிவப்பு ஒயினை, ஐந்து வருஷத்துக்கு முந்தின அறுவடை என்று லேபிள் சொன்ன, திருகு மூடி போட்ட மட்டரகப் பாட்டிலை, திறந்தாள். வந்தவனுக்கு இருபது வயதிருக்கும். கைகள் முழங்கை வரை நீலம் பாரித்திருந்தன. உள்ளே வந்ததும், "நல்ல வாசமாக் கிடக்கு அக்கா" என்று தமிழில் சொன்னான். யாழ்ப்பாணத்துப் பையன், நிரோசன் என்று பேர். நாலு வாய் சாப்பிட்டவன் சுவரைப் பார்த்துவிட்டுக் கையை எடுத்துக்கொண்டான்.

"அக்கா, இது கலியமூர்த்தி அண்ணை எல்லோ?"

மங்கை ஆமாம் என்றாள்.

"மாலை போடேல்லையே நீங்கள்" என்றான் அவன். பிறகுதான் அவள் முகத்தைப் பார்த்து, அவளுக்குத் தெரியாது என்பது புரிந்து, எழுந்து நின்றான்.

உட்கார்ந்து சொல்லப்பா என்றாள் மங்கை. அவன் நின்றுகொண்டேதான் சொன்னான். "போன வருசம் அறுவடை முடிஞ்சு எங்களை ஒலிவ் தோட்டத்துக்கு ஏத்திக்கொண்டு போன வேன். விடியக் காத்தாலை, சரியான மழை. எனக்கு வாகனத்திலை வயித்தைப் பிரட்டிச் சத்தி வரும் அக்கா, அதாலை எப்பவும் முன் சீற் எனக்குத்தான். அண்டைக்கு அண்ணை வந்து என்னை ஏசி எழுப்பி, பின்னுக்குப் போடா எண்டு கலைச்சுப்போட்டு அதிலை தான் இருந்தவர். ஏனெண்டு தெரியேல்லை. ஒருநாளும் ஏசாத மனுசன். மலை இறக்கத்திலை வேன் சறுக்கி மரத்தோட போய் அடிபட்டுது. முன்னுக்கு இருந்த ரெண்டு பேரும் அந்த இடத்திலையே. அவரை அந்த ஊர் மாதா கோயில் சவக்காலையிலைதான் அடக்கம் செய்தவை. எங்கள் ஒருத்தருக்கும் உங்கடை நம்பர் தெரியாது அக்கா."

மங்கை மீன் சட்டியை அவன் பக்கம் நகர்த்தி, "மீன் ஆறுதே, சாப்பிடு" என்றாள். அவன் அழுதுகொண்டே சாப்பிட்டான். அவள் இன்னும் கொஞ்சம் சோறு வைத்து, மீதி ஒயினை அவன் டம்ளரில் ஊற்றி அனுப்பிவைத்தாள்.

சாவுச் செய்தி வந்த வீட்டில் அடுப்பு எரியாது. மங்கை மறுநாளும் அடுப்பை மூட்டினாள். மகளிடமும் சொல்தாவிடமும் ஜுலைகா பீவியிடமும் மட்டும் விஷயத்தைச் சொன்னாள். பிறகு அந்தக் காலி பாட்டிலைப் பையில் வைத்துக்கொண்டு, காரைக்காலை விட்டு அதிகம் வெளியே போயிராத அவள், சொல்தாவைத் துணைக்குச் சேர்த்துக்கொண்டு பஸ் ஏறினாள். புதுச்சேரியில் கடற்கரைப் பக்கத்துக் கடைகளிலும், வில்லியனூரிலும், பாகூரிலும், மழையில் நனைந்து நனைந்து ஒவ்வொரு ஒயின்ஷாப்பாக ஏறி, அதே தோட்டத்து ஒயின், அதற்கு முந்தின வருஷத்தது இருக்கிறதா என்று கேட்டாள். பொம்பளை வந்து கேட்கிறாளே என்று சிரித்த குடிகாரர்கள் அவள் முகத்தைப் பார்த்து வழிவிட்டார்கள். கடைசியில் ஒரு கடைக்காரர், விற்காது என்று பரணில் போட்டிருந்த பெட்டியை இறக்கிக் கொடுத்தார். மூன்று பாட்டில்தான் இருந்தது.

முதல் பாட்டிலுக்குக் காது கேட்காத ஒரு கிழவர் வந்தார். இரண்டாவதுக்கு ருமேனியாக்காரி ஒருத்தி தன் தங்கையோடு வந்தாள். இரண்டு முறையும் மங்கை முகம் சுளிக்காமல் பரிமாறினாள். மூன்றாவதைக் கார்த்திகை பிறந்து, கொடுவா மீனும் கொடியில் அவரையும் வந்த பிறகு திறந்தாள். அதற்குள் விஷயம் தெரிந்துவிட்ட தெரு முழுக்க அவரவர் வாசலில் நின்றது.

கலியமூர்த்தி கேட்டைத் திறந்துகொண்டு வந்தான். தலையில் சாக்குத் துணி, உள்ளங்கை இரண்டும் நாவற்பழம் நசுக்கினாற்போல. "மங்கை, சோறு ஆயிடுச்சா? அரைமணி நேரம்தான், மேஸ்திரி விசில் அடிச்சிடுவான்" என்றான், காலையில் வீட்டிலிருந்து கிளம்பிப் போனவன் மாதிரி. அவன் சாப்பிட்டதை மங்கை நின்றுகொண்டு பார்த்தாள். பாட்டிலில் இரண்டு விரல் உயரம் இருக்கும்போது மூடியைத் திருகி, இறுக்கி மூடி, கொண்டுபோய் அரிசிப் பானைக்குள் வைத்தாள்.

அதனால் அவன் இருந்தான். தெரு அதையும் ஏற்றுக்கொண்டது. வெளிநாட்டிலிருந்து லீவில் வந்தவனைப் பார்க்க வருகிற மாதிரி ஒவ்வொருவராக வந்து பார்த்து, இளைத்துப்போய்விட்டான் என்று சொல்லிவிட்டுப் போனார்கள். ஜுலைகா பீவி தினமும் ஒரு கிண்ணம் எதையாவது அனுப்பினாள். நாவிதர் வந்து மழித்துவிட்டால் அன்று சாயங்காலமே தாடி, திராட்சை பறித்த நாளில் இருந்த அளவுக்கு வளர்ந்து நின்றது. கையின் நீலம் எந்தச் சோப்புக்கும் போகவில்லை. எவ்வளவு சாப்பிட்டாலும் பசித்தது. அவனுக்கு அது இன்னும் அதே பகல், அதே உணவு இடைவேளை. தூக்கம் வராமல் மேஸ்திரியின் விசிலுக்காகக் கேட் பக்கம் காதை வைத்துக்கொண்டே இருந்தான்.

வெண்ணிலா வேலை பார்க்கிற திருச்சியில் இருந்து வந்து இறங்கியபோது, "இது யாரு மங்கை, உங்க அக்கா பொண்ணா?" என்று கேட்டான்.

"நான்தான்பா, வெண்ணிலா."

அவன் அவளை மேலும் கீழும் பார்த்தான். உள்ளே போய், அவளுக்கென்று அவன் எப்போதோ வாங்கித் தந்த மரக்குதிரை இன்னும் இருக்கிறதா என்று தேடுகிற மாதிரி அறை முழுதும் பார்த்துவிட்டு வந்து, அவள் கையைப் பிடித்துத் தன் மடியில் வைத்துக்கொண்டான். அவள் கையிலும் நீலம் ஒட்டியது. கல்யாணம் என்று கேட்டு மாப்பிள்ளை என்ன வேலை என்று விசாரித்தான். சிரித்தான்.

கார்த்திகை தீபம் கழிந்த பிற்பாடு ஒருநாள் காலையில், மங்கை நண்டு உடைத்துக்கொண்டிருக்கையில், பக்கத்தில் வந்து உட்கார்ந்தான்.

"எல்லாரும் என்னைக் கிடத்தி வச்சிருக்கிற மாதிரி பார்க்கறாங்க. என்ன விஷயம், சொல்லு."

அவள் அம்மியடியில் உட்கார்ந்தபடியே சொன்னாள். வேனைச் சொன்னாள், மழையைச் சொன்னாள், மரத்தைச் சொன்னாள். பையனைச் சொல்லவில்லை.

"யார் வந்து சொன்னது?"

"கூட வேலை பார்த்தவர் ஒருத்தர்."

"நான் எங்க உக்காந்திருந்தேன்?"

மங்கை நண்டின் ஓட்டைக் கழற்றுவதிலேயே கண்ணாக இருந்தாள். "முன்னாடி" என்றாள்.

"முன்னாடி எப்பவும் நிரோசன் பையன்தானே உக்காருவான். அவனுக்கு வாந்தி வரும்" என்றான் கலியமூர்த்தி. "தூக்கத்துல அம்மா அம்மான்னு பேசுவான். அவன்தான் வந்தானா?"

அவள் உடைத்த நண்டுகளைச் சட்டியில் போட்டாள்.

"நல்லா சாப்பிட்டானா?"

"சாப்பிட்டான்" என்றாள் மங்கை. அப்போதுதான் அவளுக்கு அழுகை வந்தது. அழுதுகொண்டே சொன்னாள், "போகாதீங்க. இங்கயே இருங்க. அந்த ரெண்டு விரக்கடை அப்படியே கெடக்கட்டும், யார் கேக்கப் போறா? போனாலும் அந்த வேன்ல மட்டும் ஏறாதீங்க."

"சரி" என்றான் அவன். எதற்கும் சரி என்றுதான் சொல்வான், கல்யாணமான நாளிலிருந்து. சொல்லிவிட்டுத் தான் நினைத்ததைத்தான் செய்வான். அது அவளுக்குத் தெரியும்.

பகலில் மூன்று பேரும் உட்கார்ந்து நண்டுக் குழம்பு சாப்பிட்டார்கள். கலியமூர்த்தி நண்டுக் காலை உறிஞ்சி உறிஞ்சிச் சாப்பிட்டான், மகளுக்குச் சதையை எடுத்துத் தந்தான். பிறகு எழுந்து, அரிசிப் பானை எந்த மூலையில் இருக்கும் என்பது அந்த வீட்டில் எப்போதும் மாறாததால் நேராகப் போய், பாட்டிலை எடுத்து வந்தான். மூடியைத் திருகி இருந்ததை மூன்று டம்ளரில் சமமாக ஊற்றினான். அவன் தன் டம்ளரை ஒரே மூச்சில் குடித்துவிட்டான். வெண்ணிலா குடித்தாள். மங்கை டம்ளரைக் கையில் வைத்துக்கொண்டே இருந்தாள், அவன் அவசரப்படுத்தவில்லை. மாசக்கணக்கான பழக்கத்தில் அவள் நாக்குக்கு ஒயின் தெரிந்திருந்தது. இதில் வெயிலும் கல்மண்ணும் கொஞ்சம் கசப்பும் இருந்தன. அவள் அதை மெதுவாக, ஒரு சொட்டு மிச்சமில்லாமல் குடித்து முடித்தாள்.

அவன் சாக்குத் துணியைத் தலையில் கட்டிக்கொண்டு, "போயிட்டு வர்றேன்" என்றான். தெருவில் நின்றவர்கள் ஒதுங்கி நின்றார்கள். சொல்தா பட்டாளத்துக்காரர் மாதிரி நிமிர்ந்து நின்று கையை நெற்றிக்குக் கொண்டுபோனார். ஜுலைகா பீவி முக்காட்டை இழுத்து வாயை மூடிக்கொண்டாள். அடிபம்பு வரைக்கும் அவன் முதுகு தெரிந்தது.

சாயங்காலம் சம்பந்தி வீட்டுக்கு மங்கையே போன் போட்டாள். "காலஞ்சென்றன்னு போட்டுடுங்க. ஆனா பந்தல்ல பொண்ணைப் பிடிச்சுக் குடுக்கறது நான்தான். வேற யாரும் வேண்டாம்" என்றாள். அந்தப் பக்கத்தில் இருந்தவர் சரிம்மா, உங்க இஷ்டப்படியே செய்யுங்க என்றார்.

வெண்ணிலா அழுது தூங்கிப்போயிருந்தாள். பகலில் தான் ஒரு வாய்கூட ஒழுங்காகச் சாப்பிடவில்லை என்பது மங்கைக்கு அப்போதுதான் நினைவு வந்தது. சட்டியில் மீந்திருந்த குழம்பைச் சோற்றில் ஊற்றிப் பிசைந்து ஒரு வாய் வைத்தாள். புளி அதிகமாகியிருந்தது. காலையில் அழுத அழுகையில் இரண்டு முறை கரைத்து ஊற்றிவிட்டாள் போலிருக்கிறது. அவ்வளவு சாப்பிட்டவன் ஒரு வார்த்தை சொல்லவில்லையே என்று நினைத்தாள். நினைத்தவள் சோற்றுக் கையோடு அப்படியே இருந்துவிட்டாள்.

அவன் சொல்லியிருந்தான். ஆறு வருஷத்துக்கு முந்தின அந்தக் கடைசி ஞாயிற்றுக்கிழமை, போனில், தூரத்தில் யாரோ பாட்டுப் பாடுகிற சத்தத்துக்கு நடுவே, "நண்டுக் குழம்புல புளி கொஞ்சம் தூக்கிடுச்சு மங்கை. இருந்தாலும் நல்லாத்தான் இருந்துச்சு" என்று சொன்னான். எந்த நண்டு, எந்தக் குழம்பு, என் கையால சாப்பிட்டு எத்தனை வருஷம் ஆகுது, குடிச்சிருக்கீங்களா என்று அவள் கோபித்துக்கொண்டாள். கொஞ்சம் என்று அவன் சிரித்தான். பொண்ணு எங்கே என்றதற்கு டியூஷன் போயிருக்கிறாள் என்றாள். பரவாயில்லை, பார்த்தாச்சு என்றான். குடிகாரப் பேச்சு என்று அவள் அதையெல்லாம் அன்றைக்கே மறந்துபோனாள். போனை வைக்கும் முன்னால் அவன் இன்னும் ஒன்றும் சொன்னான்.

"நாளைக்கு விடியகாலம் வேன்ல வேற ஊருக்குப் போறோம். நான் முன்சீட்டுல உக்காந்துக்கறேன்."

"நல்லது, காத்து வரும்" என்று அன்றைக்கு மங்கை சொன்னாள். "உக்காந்துக்கங்க."